நூறு மடங்கு தண்ணீர்

முதலில் போனது வலப்பக்கக் கண்ணாடி.
வாழைகிரி வளைவில் எதிரே வந்த பஸ்.
அடுத்த மாதம் இடப்பக்கம்,
ஊத்து தாண்டி, சும்மா நின்றிருந்த ஜீப்.
"அண்ணே, அது தெரியலையா?"
க்ளீனர் பாண்டீஸ்வரன் கேட்டான்.
தெரியவில்லை என்பதே தெரியாமல்
மூடுபனி என்றேன்.
அன்று வெயில்.

பூம்பாறையில் பூண்டு ஏற்றினால்
விடியுமுன் வடுகபட்டிச் சந்தை.
நேரே பார்த்தால் எல்லாம் துல்லியம்:
வெள்ளைக்கோடு, மைல்கல், குந்தியிருக்கும் குரங்கு.
ஓரங்களில் மட்டும் யாரோ
ஏரிக்கரை வாடகைக் குதிரையின்
தோல்மறைப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

சொல்லாத இன்னொன்றும் இருந்தது.
சட்டைப்பைக்குக் கீழே
பழைய காலணா அளவு ஈரம்.
கொடைக்கானல் குளிரில் வியர்வை என்றால்
யார் நம்புவார்கள்?
கழற்றி, நானே துவைத்து, நானே காயப்போட்டேன்.
துணி தொடாத மனுஷன் துணி துவைத்தால்
ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றுமோ
அது ஜெசிந்தாவுக்குத் தோன்றியது.
இரண்டு வருடமாக அவள் பக்கம் நான் திரும்பாததையும்
ஒரே பிளேடு எனக்கு மூன்று மாதம் வருவதையும்
அதோடு கூட்டினாள்.
கூட்டல் சரி. விடை தப்பு.

கண்ணாடிக் கடையில்
கடைசி வரிப் பொடி எழுத்தையும் படித்துக் காட்டினேன்.
கண்ணில் பழுதில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மதுரையில்தான் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்
முகத்தை வைக்கச் சொன்னார்கள்.
புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும்.
வெகுநேரம் சும்மா இருந்தேன்.
மெஷின் கெட்டுப்போச்சு போல என்று நினைத்தேன்.
தாளில் இரண்டு வட்டங்கள் வந்தன,
வெளிப்பாதி இரண்டும் அடுப்புக்கரி.

டாக்டர் மெஹருன்னிசா படம் போட்டார்.
மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி,
அதற்கு மேலே
கண் நரம்புகள் குறுக்கே தாண்டும் இடம்.
பட்டாணி எலுமிச்சையாகி
கீழிருந்து முட்டிக்கொண்டிருக்கிறது.
பெருமாள்மலை ஜங்ஷன் நடுவில் பாறை முளைத்தால்
எந்தெந்த வண்டி நிற்கும் என்று
எனக்குத் தெரியாதா.

ரத்தத்தில் புரோலாக்டின் நூற்று நாற்பது.
அந்த எண் அவருக்குப் பிடிக்கவில்லை.
இத்தனை பெரிய கட்டிக்கு இத்தனை சின்னக் கணக்கா?
ஆபரேஷனுக்குக் குறித்த தேதியை அடித்துவிட்டு
லேபுக்குப் போன் போட்டார்:
"அதே ரத்தம். நூறு மடங்கு தண்ணியாக்கித்
திரும்பப் பாருங்க."
அளவுக்கு மீறி ஏற்றினால்
எடைமேடையும் குழம்புமாம்.
தண்ணீர் விட்டால் பால் கெடும் என்றுதான்
இதுவரை கேட்டிருக்கிறேன்.
தண்ணீர் விட்டதும் நிஜம் வந்தது:
பதினோராயிரத்து முந்நூறு.

"தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். ஆம்பளைக்கும் சுரக்கும்"
என்றார், கதவைச் சாத்திவிட்டு.
ஜெசிந்தா என் சட்டையைப் பார்த்தாள்.
எழுந்து வராண்டாவுக்குப் போனாள்.
சிரித்தாளா, அழுதாளா,
குலுங்கிய முதுகு மட்டும் தெரிந்தது,
அது நேரே இருந்ததால்.

கத்தி வேண்டாம், மாத்திரை போதும்.
ஞாயிறு ராத்திரி அரை, வியாழன் ராத்திரி அரை,
சாப்பாட்டுக்குப் பின்.
அந்த எள்ளை இரண்டாக உடைக்கும் வேலையை
அவளே எடுத்துக்கொண்டாள்.
முதல் வாரம் குமட்டல். சட்டென்று எழுந்தால்
டம்டம் பாறை வளைவு போலத் தரை சாய்ந்தது.
பத்தாம் நாளோ பதினொன்றோ,
சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கையில்
வலது ஓரத்தில் ஏதோ அசைந்தது.
திரும்பினேன்.
அவள் கை, ரசக் கரண்டியோடு.
எத்தனை நாளாய் அங்கேதான் நின்றிருந்ததோ.

ஆறு மாத ஸ்கேனில் எலுமிச்சை சுண்டைக்காய்.
இடது மேல் மூலை மட்டும் இன்னும் மங்கல்,
அது வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்.
மலைச்சாலையில் ஓட்டக்கூடாது, இப்போதைக்கு.
பாண்டி ஓட்டுகிறான், மூன்றாம் கியரை அரைத்துக்கொண்டு.
நான் க்ளீனர் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு.

நேற்று பிளேடு தீர்ந்துவிட்டது.
கடைக்குப் போன ஜெசிந்தா
ஒன்று வாங்கவில்லை,
முழு அட்டை வாங்கி வந்தாள்.